தண்டவாளம் இல்லாத ஊரிலிருந்து

எத்தாளையில் தண்டவாளம் கிடையாது. கற்பிட்டித் தீபகற்பம் முழுவதிலுமே கிடையாது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையில் மணல். அந்த மணலில் தென்னை, சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை. வெளியே போவதென்றால் கற்பிட்டி – பாலாவி வீதியில் பஸ் பிடிக்க வேண்டும். தலவில, நுரைச்சோலை, மாம்புரி எல்லாம் தாண்டிப் பாலாவிச் சந்தியில் இறங்கினால்தான் ரயிலின் ஊதல் காதில் விழும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு ரயிலைப் படம் பிடிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. வாசலில் கோச்சி ஓடும் வீட்டுக்காரர் மணி பார்க்கத்தான் அதைக் கவனிப்பார். பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்ப் பார்க்கிறவனுக்கோ அது பெருநாள்.

வாப்பா வெங்காயமும் கருவாடும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் சிறு வியாபாரி. சாமான் இரவு லொறியில் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்விடும். கணக்குத் தீர்க்க அவர் பின்னால் கோச்சியில் போவார். "லொறியில போனா இடுப்பு போகும், கோச்சியில போனா நேரம் போகும். நேரம் நமக்கிட்டக் கிடக்கு" என்பார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். பாலாவியில் ஏறினால் மதுரங்குளி, முந்தல், பத்துளுஓயா, ஆனைவிழுந்தான், ஆராச்சிக்கட்டுவை, பங்கதெனியா, சிலாபம் என்று நின்று நின்று, மாதம்பை, நாத்தாண்டியா, லுணுவிலை, கொச்சிக்கடை, நீர்கொழும்பு கடந்து, ராகமையில் பெரிய பாதையோடு சேர்ந்து, கோட்டைக்குப் போய்ச் சேரும்போது அரை நாள் கழிந்திருக்கும். ஜன்னலோரம் எனக்கு. நிலையப் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்புவித்தால் நீர்கொழும்பில் இறால் வடை கிடைக்கும். வாய்ப்பாட்டுக்கு முன்னால் எனக்கு மனப்பாடமானது அந்தப் பட்டியல்தான்.

மூத்தாப்பா காலத்தில் அது கரிக்கோச்சி. புத்தளத்துக்குப் பாதை வந்த புதிதில் அவர் சிறு பையன். அவருடைய வாப்பா அவரை வள்ளத்தில் ஏற்றிக் களப்பைக் கடந்து, எஞ்சினைக் காட்டுவதற்காகவே புத்தளத்துக்குக் கூட்டிப்போனாராம். காற்றுக்குப் பாய் விரித்துப் போய், புகைவிட்டு நிற்கும் இரும்பைப் பார்த்துவிட்டு, மறுபடி காற்றுக்குக் காத்திருந்து வீடு திரும்பிய கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் எங்களுக்கு அலுக்காது. எஞ்சினைவிட அதன் பக்கத்தில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு நின்ற மனிதரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். அந்த ஆளின் கையில் மயிர் இல்லையாம். எல்லாம் நெருப்பில் பொசுங்கிப் போயிருந்ததாம்.

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. வடமேல் கரையின் முறை வர நெடுங்காலம் பிடித்தது. ராகமையில் பிரிந்த கிளை 1909இல் நீர்கொழும்பை எட்டியது, 1916இல் சிலாபம், 1926இல் புத்தளம். வழி நெடுகத் தென்னந்தோட்டங்கள். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் மூன்றையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்று சொல்வது இன்றைக்கும் வழக்கம். லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் அதனால்தான். பாதையின் முடிவில் புத்தளத்து உப்பளங்கள். ஜி. எப். பெரேரா எழுதிய இலங்கை ரயில்வே வரலாறு 1925இல் வெளிவந்தது. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் எங்கள் புத்தளமும் அதில் ஏறியிருக்கும் என்று அந்த நூலின் ஆண்டைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. பெரிய வரலாறுகளில் எங்கள் பாதைக்குக் கிடைத்த இடம் எப்போதும் இப்படித்தான். ஒரு வருடம் பிந்தியதாகவோ ஒரு பக்கம் குறைந்ததாகவோ இருக்கும்.

என் கைக்குக் கெமரா வந்தது 1980களின் நடுவில். குவைத்திலிருந்து வந்த மாமா ஒரு யாஷிக்காவைக் கொண்டுவந்தார். கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அவர் திரும்பிப் போனதும் கெமரா என்னிடம் தங்கிவிட்டது. ஒரு ரோலில் 36 படம். பிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. ஆகவே விரல் எளிதில் பட்டனில் போகாது. பாலாவி நிலையத்தில் வண்டி வரும்வரை காத்திருந்து, ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு ஊர் திரும்பிய நாட்கள் நிறைய. புத்தளத்து ஸ்டூடியோவிலிருந்து படங்கள் வந்ததும் உம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பா. "ஆக்கள எடுக்காம இரும்ப எடுத்து வச்சிருக்கிறான்" என்பதுதான் எப்போதும் அவவின் தீர்ப்பு. நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

இரும்பைப் படம் பிடிப்பதிலும் படிக்க வேண்டியது கொஞ்சமல்ல. எங்கள் பாதை பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுகிறது. காலை வண்டிக்குக் கிழக்குப் பக்கமும் மாலை வண்டிக்கு மேற்குப் பக்கமும் நின்றால் வெயில் நமக்கு முதுகில் விழும், வண்டிக்கு முகத்தில் விழும். நடுப்பகலில் போய்ப் பயனில்லை. கூரை வெளுத்து, சக்கரம் இருட்டாகிவிடும். மணல் பிரதேசத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளை மணலின் வெளிச்சத்தைப் பார்த்துக் கெமராவின் மீற்றர் ஏமாந்துபோகும். அது சொல்கிறபடி வைத்தால் எஞ்சின் கரிக்கட்டையாக வரும். ஒரு படி கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு லென்ஸுக்கு எதிரி. ஈரம் தங்கினால் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிடும். மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துக் கெமராப் பைக்குள் போட்டு வைப்பேன். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன பிலிம்தான் வாத்தியார்.

நீர்கொழும்புக்கு வடக்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். அதற்காகவே டெப்லட் என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டுக்கு உரிய வட்டத் தகடு டிரைவரின் கையில் இருந்தால்தான் வண்டி அந்தத் துண்டுக்குள் நுழையலாம். இரண்டு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. தகட்டைத் தோல் பையில் வைத்துப் பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். நிற்காத வண்டியென்றால் டிரைவரின் உதவியாளர் ஒரு கையால் பழைய வளையத்தை வீசி, மறுகையால் புதியதை அள்ள வேண்டும். நான் அதிக பிலிம் செலவழித்தது இந்தக் கண நேரத்துக்குத்தான். 500இல் ஒரு பங்கு செக்கன் வைத்தாலும் வளையம் சில தடவை கலங்கித்தான் விழும். ஒரு படத்தில் மட்டும் வளையம் இரண்டு கைகளுக்கும் நடுவே ஆகாயத்தில் தெளிவாக நிற்கிறது. அதைப் பார்த்த உம்மா முதல் தடவையாக, "இதுல ஆள் இருக்கு" என்றா.

அந்தச் சொல் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதன்பிறகு எஞ்சின் வரும் திசையை மட்டும் பார்த்து நிற்காமல் மேடையையும் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பாதை மேடையின் அழகு கூட்டத்தில்தான் இருக்கிறது. ஆவணி பிறந்தால் முன்னேஸ்வரத் திருவிழா. சிலாபத்தில் இறங்குகிறவர்கள் நெற்றி நிறையத் திருநீற்றோடு இறங்குவார்கள். உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்குப் போகிறவர்கள் மஞ்சள் துணியோடு பெட்டியில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நீர்கொழும்பு, வைக்கால், சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பானை, பாய், குழந்தை, கிழவி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பாலாவியில் இறங்கி எங்கள் வீதியில் பஸ் ஏறுவார்கள். தலவிலக் கோயிலில் நாள்கணக்கில் கூடாரமடித்துத் தங்குவது அவர்களுடைய வழக்கம். சிங்களம் பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் ஒரே பானையைத் தூக்கி இறக்குவார்கள். எத்தாளைக்காரனான எனக்கு அந்த நாட்களில் பாலாவி மேடை சொந்த ஊர்ச் சந்தைபோலத் தெரிந்தவர்களால் நிறைந்திருக்கும். மண்பானை ஒன்று ஜன்னல் வழியாகக் கைமாறும் படம் என்னிடம் இருக்கிறது. அதில் எஞ்சினே இல்லை. ஆனால் அதைவிட நல்ல ரயில் படம் நான் எடுத்ததில்லை என்று இப்போதும் சொல்வேன்.

காலையில் ஆனைவிழுந்தானில் இறங்கிவிட்டால் பொழுது போவது தெரியாது. பழைய குளங்களும் சதுப்பும் சேர்ந்த சரணாலயம். 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வண்டி ஊதும்போது நீர்க்காகங்கள் ஒருமிக்க எழும்பும். அந்த ஊதலைக் கேட்டுப் பழகிப்போன கொக்குகள் அசையாது. சிலாபத்துக்கு வடக்கே தெதுறு ஓயாப் பாலம் இன்னொரு நல்ல இடம். ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் கீழே மணலில் நின்று பாலத்தை அண்ணாந்து எடுக்கலாம். மாரியில் அதே ஆறு கரையை மீறி வரும்போது பாலத்துக்குக் கிட்டவும் போக முடியாது. முந்தலுக்கும் மதுரங்குளிக்கும் இடையில் தென்னை குறைந்து வெளி விரியும். மாலை வெயிலில் வண்டியின் நிழல் பக்கத்து வயலில் அதனோடு கூடவே ஓடும்.

பாலாவிக்கு வந்தால் ரயில் வேறு முகம் காட்டும். அங்கே சீமெந்துத் தொழிற்சாலை. அதற்குத் தேவையான சுண்ணாம்புக்கல் புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் காட்டை அண்டிய அறுவக்காட்டில் வெட்டப்பட்டுத் தண்டவாளத்தில் வருகிறது. பயணிகள் பெரும்பாலும் புத்தளத்தோடு இறங்கிவிடுவார்கள். பாதையோ அதற்கு அப்பாலும் நூர் நகர், பெரியநாகவில்லு என்று போய்க் காட்டுக்குள் நுழைகிறது. அறுவக்காட்டுக் கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. அந்தப் படிவுகளில் பழங்காலக் கடல் உயிர்களின் எச்சங்கள் கிடைக்கின்றன. ஆக, அந்த வண்டியில் வருவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடல். அது பாலாவியில் பொடியாகி, சூளையில் வெந்து, பையில் அடைபட்டு நாடு முழுக்க வீடாகிறது. எத்தாளையில் ஓலை வீட்டை மாற்றி வாப்பா கட்டிய கல்வீட்டின் சுவரிலும் அந்தக் கடல்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் வண்டியைப் படம் எடுக்கப் போனால் மேடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "யாழ்தேவி மாதிரி நல்ல கோச்சி எவ்வளவு இருக்கு, போயும் போயும் கல்லுக் கோச்சிய எடுக்கிறீங்களே?" என்று ஒரு ரயில் கார்ட் கேட்டார். வெள்ளைத் தூசி படிந்து எஞ்சினின் நிறமே தெரியாது. பெட்டிகளுக்கு ஜன்னல் இல்லை, கையசைக்க யாரும் இல்லை. ஆனால் இந்தப் பாதையின் தலைமாட்டை உயிரோடு வைத்திருந்தது அந்த வண்டிதான். ஒரு பாதை ஏன் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் அதில் போகும் மனிதரோடு சரக்கையும் பார்க்க வேண்டும். தென்னை, உப்பு, கல் என்று எங்கள் மண்ணின் வரலாறு சரக்குப் பெட்டியில்தான் ஏறிப்போயிருக்கிறது.

பிறகு அந்தப் பாதைக்கு வேறொரு சரக்கும் நியமிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14இல் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பின் கொழும்பின் குப்பையை அறுவக்காட்டுக்கு ரயிலில் கொண்டுவந்து கொட்டும் திட்டம் வேகம் பிடித்தது. புத்தளத்தில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோருமாக நின்றார்கள். ஏற்கெனவே சீமெந்துத் தூசியும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பலும் தங்கள் தலையில் விழுகின்றன, குப்பையுமா என்பது அவர்களுடைய கேள்வி. அந்த நாட்களில் நான் எடுத்த படங்களில் தண்டவாளமும் ஒரு கடைவாசலில் கட்டியிருந்த கறுப்புக் கொடியும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. ரயில் மரபு என்றால் பித்தளை மணியும் பழைய கடிகாரமும் மட்டும் என்று நினைப்பவர்கள் அதை மரபுப் படமாக ஒப்ப மாட்டார்கள். நான் ஒப்புவேன்.

யுத்த காலத்தில் கெமராவோடு நிலையத்துக்குப் போவதே ஒரு பரீட்சை. 1996 ஜூலை 24இல் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து 60 பேருக்கு மேல் கொல்லப்பட்ட பிறகு, தண்டவாளத்தருகே நிற்கும் தமிழ் பேசும் இளைஞன் எவனும் விளக்கம் சொல்ல வேண்டியவன்தான். ஒரு நிலையத்தில் என்னை உட்கார வைத்து, எதற்காகப் பாலத்தை எடுத்தாய், யாருக்காக எடுத்தாய் என்று மாலைவரை கேட்டார்கள். ஆசைக்கு எடுத்தேன் என்ற பதில் எந்த மொழியில் சொன்னாலும் நம்பத்தகுந்ததாக இல்லை. பிலிமை வெளிச்சத்தில் இழுத்துவிட்டு அனுப்பினார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு வரிசையாகத் தெரியும். அதன்பின் சில வருடங்கள் கெமரா அலுமாரியிலேயே கிடந்தது. அந்த வருடங்களில் எங்கள் பாதை எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. என்னைப் போன்ற மற்றவர்களிடமும் அதிகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

ரயில் படத்தின் மதிப்பை எனக்கு முழுதாகக் காட்டியவர் மன்னாரிலிருந்து வந்த ஒரு பெரியவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடிசை போட்டுத் தங்கினார்கள். பெரியவரும் அப்படி வந்தவர். தலைமன்னார்த் துறையின் பியர் ஸ்டேசனில் இளமையில் சுமை தூக்கியவர். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தொடங்கிய வழி அது: சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், கடலில் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து வந்தது. 'இராமானுஜம்' கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி படுக்கைகளைக் கோச்சியில் ஏற்றிய கதையை அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எது யாருடைய பெட்டி என்று கயிறு கட்டிய விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். யுத்தத்தில் கப்பலும் நின்றது. அவர் ஊரைவிட்டு வந்த அதே 1990இல் தலைமன்னார்க் கோச்சியும் நின்றது.

ஒரு நாள் என் படங்களை அவரிடம் காட்டினேன். எஞ்சின் படங்களை மடமடவென்று தள்ளிவிட்டு, பாலாவி மேடையில் சாக்குமூட்டையோடு நிற்கும் ஒரு மனிதரின் படத்தில் நின்றார்.

"தம்பி, இந்த ஆள் ஆரு?"

"தெரியாது காக்கா. எடுத்த நேரம் நிண்டவர்."

"இது எந்த வருசம்?"

வருடம் எனக்கு நினைவிருந்தது, சொன்னேன். அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "எழுதிப் போடும் தம்பி. எங்கட பியர் ஸ்டேசன்ல நான் நிக்கிற படம் ஒண்டு வீட்டுல இருந்தது. வரக்குள்ள ஒண்டும் எடுக்க விடல்ல. இப்ப எவன்ட கையில இருக்கோ. பேர் எழுதி இருந்தா, ஆரும் பார்த்தா நான் எண்டு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வடக்கின் பாதைகள் போன விதம் உலகறிந்தது. யுத்தம் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்துப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாக்கியது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி வவுனியாவோடு நின்றுபோனது. யுத்தம் முடிந்தபின் இந்திய நிறுவனமான இர்கொன் பாதையைப் புதிதாகப் போட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. 2015 மார்ச் 14இல் தலைமன்னாருக்கு. தலைமன்னார் திறந்த செய்தி வந்தபோது பெரியவர் மௌத்தாகிவிட்டிருந்தார். நான் போனேன். புதிய மேடை, புதிய பலகை, கொங்கிரீட் சிலிப்பர்கள். அப்பால் கடலுக்குள் நீட்டியபடி பழைய இறங்குதுறையின் எச்சம். அவர் சொல்லியிருந்த இடங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் சொன்னதை எழுதி, அவருடைய பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தேன். கப்பலையோ அந்தப் பழைய கோச்சியையோ அந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. ஆனால் எழுத்தை வாசித்தார்கள்.

படத்தின் பின்னால் எழுதிய ஒரு பெயர் எவ்வளவு பெறும் என்பதற்கு எஞ்சின்களிலேயே சாட்சி இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்த எம் 2 வகை டீசல் எஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா. பி. டி. ராம்பால ரயில்வேயை நிலக்கரியிலிருந்து டீசலுக்கு மாற்றிய காலம் அது. 2004 டிசம்பர் 26இல் பெரேலியவில் ஆழிப்பேரலை சுருட்டிப்போட்ட கடுகதி ரயிலை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க மனிடோபா. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஒரு ரயிலில் இறந்தார்கள். எஞ்சினைத் தூக்கித் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். கொழும்பு கோட்டையில் அதைக் கண்டபோது பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்களுக்கு அது வெறும் பழைய எஞ்சின். பெயர்ப்பலகையைக் காட்டிச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார்கள். கடற்கரையில் பிறந்தவன் என்பதால் அந்தத் தொடுகையின் பொருள் எனக்கு உடனே விளங்கியது.

இப்போது ரயிலைப் படம் எடுக்காதவர் இல்லை. 1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் வண்டி வரும் நேரத்தில் கைத்தொலைபேசிகளின் வேலி. அழகான பாலம்தான், நானும் எடுத்திருக்கிறேன். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன்; பழைய நீராவி எஞ்சின்களுக்கு அங்கே நிழல் கிடைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் மலைநாட்டுப் பாதையைக் காக்க உலகம் முழுவதும் ஆள் உண்டு. மங்களஎளியவில் ஓட்டுக்கூரை இடிந்து விழுந்தால் கேட்க யார்? தில்லையடியில் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாளில் யார் கெமராவோடு நிற்பார்? டெப்லட் கருவிக்குப் பதிலாக நிறவிளக்கு வந்தால் நல்லது. பயணம் விரைவாகும், பாதுகாப்பும் கூடும். பழையதை அப்படியே வைத்திரு என்று நான் சொல்ல மாட்டேன். போகிற பொருள் போகும்முன் அதை யார் கையாண்டார் என்று பதிந்துவிட வேண்டும் என்பதே என் வாதம்.

2026இல் புத்தளத்துக்கு ரயில் வந்து நூறு ஆண்டு நிறைகிறது. மேடை போட்டு மாலை சூட்டுவார்களோ என்னவோ. அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ராகமையிலிருந்து பெரியநாகவில்லுவரை இந்தப் பாதையோரம் வாழ்ந்த ஒவ்வொரு வீட்டு அல்பத்திலும் ஏதாவது ஒரு படத்தின் பின்னணியில் கோச்சி நிற்கும்: ஹஜ்ஜுக்குப் போனவரை வழியனுப்பிய படம், கல்யாணப் பெண்ணை ஏற்றிவிட்ட படம், முதல் வேலைக்குக் கொழும்புக்குப் போன மகனின் படம். ரயில்வேயில் வேலை செய்தவர்களின் வீடுகளில் சீருடையோடு எடுத்த படங்கள் சட்டத்தில் தொங்கும். அவற்றை எடுத்துப் பாருங்கள். அதில் நிற்பவர்களை அறிந்த பெரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். ஊர், ஆண்டு, ஆளின் பெயர், செய்த வேலை ஆகிய நான்கையும் மெல்லிய பென்சிலால் பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனா மை படத்தில் ஊறிவிடும். பிறகு ஒரு பிரதி எடுத்து ஊர் நூலகத்துக்கோ, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ கொடுங்கள். புதிதாகப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தண்டவாளத்தில் நின்று எடுக்காதீர்கள், டீசல் வண்டி நீங்கள் நினைப்பதைவிடச் சத்தமில்லாமல் வரும். பக்கத்தில் நின்று எடுங்கள். எடுத்து முடிந்ததும் அங்கே நிற்பவரிடம் போய்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.